சிங்க் அடியில் கசிந்த நீர்: வாடகை வீட்டுச் சேதத்தில் யார் பங்கு எவ்வளவு?

பின்னணி

இரண்டாம் மாடியில் உள்ள வீடு, கட்டி 9 ஆண்டுகள் ஆனது. கணவன், மனைவி, பள்ளி செல்லும் ஒரு குழந்தை என மூவர் அதில் 4 ஆண்டுகள் வாடகைக்கு இருந்துவிட்டு, வேலை மாற்றலால் ஒரு ஜனவரியில் காலி செய்தார்கள். வாடகை ஒரு மாதமும் தவறியதில்லை. உரிமையாளர் வெளியூரில் இருப்பவர், எப்போதாவதுதான் வந்து எட்டிப் பார்ப்பார். காலி செய்யும் நாள் வரை இரு தரப்புக்கும் இடையே மனக்கசப்பு எதுவும் இருந்ததில்லை.

சாவியை வாங்கி வீட்டைத் திறந்து பார்த்ததும் உரிமையாளர் ஒரு பட்டியல் போட்டார். சமையலறையில் சிங்க் அடியில் உள்ள அலமாரி ஊதிப்போயிருந்தது. அதற்குப் பின்புறம், படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறிப் பெயின்ட் உரிந்திருந்தது. முதல் மாடி வீட்டின் கூரையில் மஞ்சள் கறை, குளியலறை வாஷ்பேசினில் விரிசல். இவற்றோடு வீடு முழுக்க மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும் என்றார்.

தொகைகளை இங்கே அப்படியே தரவில்லை. அவர் கேட்ட மொத்தத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். அலமாரிக்கு 46, பூச்சு வேலைக்கும் பெயின்ட்டுக்கும் 34, கீழ்வீட்டுக் கூரைக்கு 12, வாஷ்பேசினுக்கு 8. அவர் கையில் இருந்த முன்பணம் இதே கணக்கில் 90. அதாவது முன்பணம் முழுவதும் போய், மேற்கொண்டு 10 தர வேண்டும் என்பது அவர் கோரிக்கை.

குடியிருந்தவர்கள் மறுத்தார்கள். கசிந்தது வீட்டின் குழாய், அதை மாட்டியது உரிமையாளர், எனவே வாஷ்பேசின் தவிர எதற்கும் பொறுப்பில்லை என்பது அவர்கள் தரப்பு.

நான் கட்டடப் பராமரிப்பு வேலையில் இருப்பவன். நீதிமன்றம் வரை போவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி இருவரும் கேட்டார்கள். நான் சொல்வது யாரையும் கட்டுப்படுத்தாது, ஆனால் இருவரும் தங்களிடம் உள்ள எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டேன்.

கையில் இருந்த ஆவணங்கள்

குடிவரும்போது வீட்டின் நிலையைக் குறித்துவைத்த பட்டியல் எதுவும் இல்லை. ஒப்பந்தத்தில் இரண்டு வரிகள்தான் இதற்குப் பொருந்துபவை. இயல்பான தேய்மானம் தவிர, பெற்ற நிலையிலேயே வீட்டைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஒன்று. சின்ன ரிப்பேர் குடியிருப்பவர் பொறுப்பு, பெரிய ரிப்பேர் உரிமையாளர் பொறுப்பு என்பது இன்னொன்று. எது சின்னது, எது பெரியது என்று ஒரு வார்த்தை கிடையாது. பல ஒப்பந்தங்களில் இந்த வரி இப்படியேதான் இருக்கும். எல்லாம் சரியாகப் போகும்வரை யாரும் அதைக் கவனிப்பதில்லை.

குடிவந்த நாளில் எடுத்த சில படங்கள் அவர்கள் போனில் இருந்தன. சமையலறைப் படமும் ஒன்று இருந்தது, ஆனால் அலமாரிக் கதவுகள் எல்லாம் மூடியிருந்தன. உண்மையில் உதவியது அதற்குப் பிறகு எடுத்த இரண்டு படங்களும் ஒரு குறுஞ்செய்தியும்தான். அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

பார்த்ததும் சோதித்ததும்

முதலில் தீர வேண்டிய கேள்வி, சுவரில் இருக்கும் ஈரம் எங்கிருந்து வந்தது என்பது. துணியை வீட்டுக்குள்ளேயே உலர்த்தி, ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருந்ததால்தான் சுவர் ஓதம் கண்டது என்றார் உரிமையாளர். அப்படி நடப்பதும் உண்டு. ஈரக் காற்று குளிர்ந்த பரப்பில் பட்டால் நீராகப் படியும், அது நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஆனால் அப்படி வரும் ஈரம் பெரும்பாலும் வெளிச்சுவரில், மூலைகளில், பீரோவுக்குப் பின்னால் காற்று புகாத இடத்தில் தெரியும். இங்கே ஈரம் இருந்தது சமையலறைக்கும் படுக்கையறைக்கும் இடையே உள்ள உட்சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை மட்டும்.

இருந்தாலும் சோதித்துப் பார்த்தோம். பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டோம். துளிகள் தாளின் வெளிப்பக்கம் படிந்தால் அது அறைக் காற்றின் ஈரம், சுவரை ஒட்டிய பக்கம் படிந்தால் சுவருக்குள்ளிருந்து வருவது. துளிகள் சுவர்ப் பக்கம்தான் இருந்தன. ஈரத்தை அளக்கும் கருவியான ஈரமானியும் தரையருகே அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் காட்டியது. அந்த எண்களை அப்படியே நம்பக் கூடாது. ஊசி வகை ஈரமானிகள் பெரும்பாலும் மரத்துக்கு ஏற்ப அமைக்கப்பட்டவை. சுவரில் உப்பு பூத்திருந்தால் இருப்பதைவிட அதிகமாகவே காட்டும். இந்தச் சுவரில் வெள்ளை உப்பும் பூத்திருந்தது. அதனால் ஈரம் எந்தப் பக்கம் கூடுகிறது, எந்தப் பக்கம் குறைகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன். அது நேராகச் சிங்க் அடியைக் காட்டியது.

அடுத்த கேள்வி, கசிவு இன்னும் இருக்கிறதா? இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு நீர் மீட்டரைக் குறித்துக்கொண்டோம். காலையில் அதே எண். சிங்க்கை நிறைத்து ஒரே தடவையில் திறந்துவிட்டும் பார்த்தோம், கழிவுநீர்க் குழாயிலிருந்து ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. ஆக, கசிவு முன்பே நின்றுவிட்டது. சுவரில் இருப்பது பழைய நீர்.

அது நின்றது செப்டம்பரில். கீழ்வீட்டுக்காரர் கூரையில் கறை என்று புகார் சொன்ன பிறகு, உரிமையாளர் அனுப்பிய பிளம்பர், சிங்க் அடியில் நீரைத் திறந்து மூடும் ஆங்கிள் வால்விலிருந்து சிங்க் குழாய்க்குப் போகும் கனெக்ஷன் ஹோஸை மாற்றியிருக்கிறார். கழற்றிய பழைய ஹோஸை, வாடகைக்கு இருந்த அம்மா தூக்கிப் போடாமல் ஒரு பையில் வைத்திருந்தார். இந்த விவகாரத்தில் இதைவிட நல்ல சான்று எதுவும் கிடைக்கவில்லை.

அந்த ஹோஸின் கீழ்முனையில் எஃகுப் பின்னல் துருப்பிடித்து அறுந்திருந்தது. உள்ளே ரப்பர் வெடித்திருந்தது. இந்த வகை ஹோஸ்கள் காலவரம்பு உள்ள பொருள்கள். ரப்பர் இறுகும், நீரின் அழுத்தத்தை உண்மையில் தாங்கும் பின்னல் ஒவ்வொரு இழையாக அறும். வீடு கட்டிய நாளில் மாட்டிய ஹோஸ் 9 ஆண்டுகள் ஓடியிருக்கிறது என்றால் அது நன்றாகவே உழைத்திருக்கிறது. ஆனால் அரிப்பு கீழ்முனையில் மட்டும் ஏன்? மேல்முனைப் பின்னல் பளபளப்பாக இருந்தது. அலமாரியின் அடிப்பலகையைத் துடைத்துப் பார்த்தபோது பதில் கிடைத்தது. வால்வுக்குப் பக்கத்தில் பாட்டில் வைத்த வட்டத் தடம் இருந்தது. டைல்ஸ் கழுவும் ஆசிட் பாட்டிலை அங்கேதான் வைத்திருந்தார்கள். மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் அதிலிருந்து வரும் ஆவி, மூடிய அலமாரிக்குள் தங்கி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் அரித்துவிடும். பிளீச்சும் அப்படித்தான். எத்தனையோ வீடுகளில் இந்த இரண்டும் சிங்க் அடியில்தான் இருக்கின்றன.

ஆங்கிள் வால்வையும் திருப்பிப் பார்த்தேன். பாதிக்கு மேல் நகரவில்லை. கசிவைக் கண்டவர் அதை மூடி நிறுத்தியிருக்க முடியாது. வீட்டின் மொத்த நீரையும் நிறுத்தினால்தான் உண்டு.

யார், எப்போது அறிந்தார்கள்

குழாய் யாருடையது என்ற கேள்வியிலேயே இரு தரப்பும் நின்றுகொண்டிருந்தார்கள். அதற்கு விடை தெரிந்தாலும் இந்த வழக்கு முடியாது. கசிந்தவுடன் நிறுத்தியிருந்தால் சேதம் ஒரு ஹோஸின் விலையோடும் ஒரு பலகையோடும் முடிந்திருக்கும். மற்ற எல்லாமே பிறகு வந்தவை. எனவே எந்தச் சேதம் எந்தக் கட்டத்தில் வந்தது, அந்தக் கட்டத்தில் யாருக்கு விஷயம் தெரியும் என்றுதான் பார்த்தேன்.

மார்ச்சில் வீட்டைச் சுத்தம் செய்யச் சிங்க் அடியில் இருந்தவற்றை எடுத்தபோது ஈரத்தை முதலில் கண்டார்கள். அப்போது எடுத்த படத்தில் சிங்க் அலமாரியின் அடிப்பலகை ஏற்கெனவே ஊதியிருந்தது. பக்கத்து அலமாரியின் விளிம்பு நேராக இருந்தது. ஒரு கிண்ணத்தை அடியில் வைத்து, அவ்வப்போது துடைத்துக்கொண்டார்கள். உரிமையாளரிடம் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். "சொன்னா நாங்கதான் கெடுத்தோம்னு முன்பணத்துல கைவைப்பாரோன்னு பயம்" என்றார் அந்த அம்மா. இந்தப் பதிலை நான் வேறு வீடுகளிலும் கேட்டிருக்கிறேன். பிடித்தத்துக்குப் பயந்து மறைப்பது, மறைத்ததால் சேதம் பெருகுவது, பெருகியதால் பிடித்தமும் பெருகுவது.

ஜூனில் வாடகை அனுப்பிய கையோடு, ஒரு படத்தையும் சேர்த்துச் செய்தி அனுப்பினார்கள்: "சார், சிங்க் அடியில தண்ணி கசியுது. ஆள் அனுப்ப முடியுமா?" பதில்: "சரி, பார்க்கலாம்." அந்தப் படத்தில் பக்கத்து அலமாரியும் ஊதியிருந்தது. படுக்கையறைப் பக்கம் உள்ளங்கை அளவுக்குப் பெயின்ட் கொப்பளித்திருந்தது. அப்புறம் இரு தரப்பிலும் பேச்சே இல்லை. சின்ன ரிப்பேர்தானே, அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று இவர் இருந்துவிட்டார். சொல்லியாகிவிட்டதே, ஆள் வரும் என்று அவர்கள் இருந்துவிட்டார்கள். ஆகஸ்டில் கீழ்வீட்டுக் கூரையில் கறை தெரிந்தது. செப்டம்பரில் ஹோஸ் மாற்றப்பட்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

சுலபமானவற்றை முதலில் முடித்தோம். வாஷ்பேசினில் கனமான ஒரு பொருள் விழுந்து விரிசல் விட்டதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். பேசினின் ஆயுளை 25 ஆண்டுகள் என்று வைத்து, மீதம் 16 ஆண்டுகளுக்கான பங்கை மட்டும் எடுத்தால் 8இல் ஏறத்தாழ 5. இந்த ஆயுள் கணக்குகள் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இருந்து எடுத்தவை அல்ல, இருவரும் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்டவை.

பெயின்ட்டில் வாக்குவாதம் கொஞ்சம் நீண்டது. 34இல் ஈரம் பட்ட சுவருக்கு 10, மீதி 24 வீடு முழுவதற்கும். நிறம் மங்கல், ஸ்விட்ச் பக்கத்தில் கை பட்ட அழுக்கு, காலண்டர் மாட்டிய ஆணித் துளைகள், குழந்தை கிறுக்கிய ஒரு மூலை. சுவரில் பென்சில் கோடு போட்டது தேய்மானமா, சேதமா என்று நெடுநேரம் பேசினார்கள். ஆனால் அந்தப் பேச்சுக்கே அவசியம் இல்லாமல் போயிற்று. கடைசியாகப் பெயின்ட் அடித்தது இவர்கள் குடிவருவதற்கு 2 ஆண்டுகள் முன்பு. ஆக 6 ஆண்டு பழைய பெயின்ட். உட்புறப் பெயின்ட்டுக்கு 5 ஆண்டுகள் என்று உரிமையாளரே சொல்லியிருந்தார். ஆயுள் முடிந்த பொருளுக்கு மீத மதிப்பு இல்லை. கிறுக்காமல் இருந்திருந்தாலும் அவர் இப்போது அடித்தே ஆக வேண்டும். 24 முழுவதும் உரிமையாளர் கணக்கில். ஈரச் சுவரின் 10இல் பெயின்ட் 3, அதுவும் அப்படியே. பூச்சு வேலை 7 மட்டும் கசிவுக் கணக்குக்குப் போனது. பூச்சு 9 ஆண்டில் தேய்கிற பொருள் இல்லை என்பதால் அதில் குறைக்கவில்லை.

அலமாரிதான் பெரிய தொகை. வரிசையில் மூன்று அலமாரிகள், ஊதியது இரண்டு. மூன்றையும் மாற்றினால்தான் நிறம் ஒத்துப்போகும் என்றார் உரிமையாளர். அவர் ஆசைப்படுவதில் தவறில்லை, ஆனால் கெடாத பொருளை மாற்றுவதற்கு மற்றவர் பணம் தர வேண்டியதில்லை. 46இல் மூன்றில் இரண்டு பங்கு, ஏறத்தாழ 30.7. ஆயுள் 15 ஆண்டுகள், மீதம் 6 ஆண்டுகள், அதாவது 40 விழுக்காடு. ஆக ஏறத்தாழ 12. பழைய அலமாரிக்குப் புது அலமாரியின் முழு விலையை வாங்கினால் உரிமையாளர் நஷ்டத்தை ஈடுசெய்யவில்லை, லாபம் பார்க்கிறார் என்று சொன்னபோது அவருக்கு அது பிடிக்கவில்லை. கணக்கைப் போட்டுக் காட்டியபின் மறுக்கவும் இல்லை.

இந்த 12ஐ இரண்டு அலமாரிக்கும் ஆறு ஆறாகப் பிரித்தோம். பக்கத்து அலமாரி ஊதியது மார்ச்சுக்கும் ஜூனுக்கும் இடையில், குடியிருந்தவர்களுக்குத் தெரிந்திருந்து சொல்லாமல் இருந்த காலத்தில். அந்த 6 அவர்களுடையது. சிங்க் அலமாரி யாருக்கும் தெரியும் முன்பே போனது. ஹோஸ் பழையது என்பதால் உரிமையாளருக்கும், ஆசிட் வைத்ததால் குடியிருந்தவர்களுக்கும் சரிபாதியாக 3. ஆசிட் மட்டுமே காரணம் என்று என்னால் சொல்ல முடியாது, அது காரணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. இந்த எண்ணில் என் மதிப்பீடுதான் இருக்கிறது, துல்லியம் இல்லை.

பூச்சு வேலை 7ஐயும் பாதியாக்கினேன். ஜூனில் உள்ளங்கை அளவு, ஜனவரியில் முழங்கால் உயரம் என்பதால் பெரும்பகுதி உரிமையாளர் காலத்தில் வந்தது போலத் தோன்றும். ஆனால் மேலே கொப்பளிக்கும் முன்பே பூச்சு உள்ளே நீர் குடித்துவிடும். எது எந்த மாதத்தில் கெட்டது என்று கண்ணால் பிரிக்க முடியாது.

கீழ்வீட்டுக் கூரை 12 முழுவதும் உரிமையாளர் கணக்கு. படத்தோடு செய்தி வந்து, பதிலும் சொன்ன பிறகு தெரிந்த கறை அது. "ஹோஸ் மாத்துறது சின்ன ரிப்பேர்தானே, அவங்களே மாத்தியிருக்கலாமே" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவரது வாதங்களில் வலுவானது இதுதான். ஆனால் "பார்க்கலாம்" என்று சொன்னவர் அந்த வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டுவிட்டார். "நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்" என்று அன்றே பதில் அனுப்பியிருந்தால் இந்த 12 இடம் மாறியிருக்கும்.

கூட்டினால் குடியிருந்தவர்கள் பங்கு 17.5. வாஷ்பேசினுக்கு 5, பக்கத்து அலமாரிக்கு 6, சிங்க் அலமாரிக்கு 3, பூச்சுக்கு 3.5.

அதன் பிறகு

இரு தரப்பும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. உரிமையாளர் சில வாரங்கள் பேசாமல் இருந்துவிட்டு, ஜூனுக்குப் பிறகு அவர்கள் ஒருமுறைகூட நினைவூட்டவில்லையே, கிண்ணம் நிறைவதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள் என்றார். அதில் உண்மை இருந்தது. குடியிருந்தவர்களுக்குப் புது வீட்டு முன்பணத்துக்குப் பணம் தேவைப்பட்டது. பேசி 20 என்று முடித்தார்கள். 90இல் 70 திரும்பி வந்தது. இருவரும் கையெழுத்திட்ட ஒரு பக்கத் தாளில் ஒவ்வொரு தொகைக்கும் எதிரே காரணம் எழுதப்பட்டது.

கீழ்வீட்டுக்காரர் இந்தப் பேச்சு எதிலும் இல்லை. மாடிவீட்டின் உரிமையாளரும் குடியிருந்தவரும் தங்களுக்குள் எப்படிப் பிரித்துக்கொண்டாலும் அவருக்குக் கூரை சரியாக வேண்டும், அவ்வளவுதான். அதை உரிமையாளர் தாமதமில்லாமல் செய்து கொடுத்தார்.

படுக்கையறைச் சுவரில்தான் அவசரப்பட்டார். பூச்சைக் கொத்திவிட்டு, செங்கல் நன்றாகக் காயும்வரை திறந்தே விடச் சொல்லியிருந்தேன். ஒரு பக்கம் டைல்ஸ் மூடிய சுவர் ஒரே பக்கமாகத்தான் காய வேண்டும், அதற்கு மாதங்கள்கூட ஆகும். புதிதாகக் குடிவருபவர்கள் நெருக்கியதால் இரண்டே வாரத்தில் பூசிப் பட்டி போட்டுப் பெயின்ட் அடித்தார்கள். பூச்சுக்குள்ளிருந்து உப்பு மறுபடி வெளியே வந்து, அதே இடத்தில் பெயின்ட் உரிந்தது. அந்த இரண்டாவது செலவு முழுக்க அவருடையது. புதிதாக வந்தவர்கள்மேல் அதைப் போட முடியாமல் காப்பாற்றியது, குடிவந்த நாளில் சுவரை அவர்கள் எடுத்துவைத்த படங்கள்.

அடுத்த ஒப்பந்தத்தில் மாறியவை

உரிமையாளர் புது ஒப்பந்தத்தை என்னிடம் காட்டித் திருத்தினார். குடிவரும் நாளில் இருவரும் சேர்ந்து சுற்றிப் பார்த்து, அலமாரிகளைத் திறந்து உள்ளேயும், சிங்க் அடியிலும், வால்வுகளையும் படம் எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வது என்று சேர்த்தோம். கடைசியாக எப்போது பெயின்ட் அடிக்கப்பட்டது, அலமாரியும் மற்ற பொருத்துப் பொருள்களும் எந்த ஆண்டு என்பதும் பட்டியலில் உண்டு. கனெக்ஷன் ஹோஸ்களை 5 ஆண்டுக்கு ஒருமுறை உரிமையாளர் மாற்ற வேண்டும். ஆங்கிள் வால்வுகளை ஒவ்வொரு ஆண்டும் ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டியது குடியிருப்பவர். இறுகியிருந்தால் அன்றே சொல்லிவிட வேண்டும். ஆசிட், பிளீச் எதையும் சிங்க் அடியில் வைக்கக் கூடாது.

முக்கியமான மாற்றம் கசிவு பற்றியது. கண்ட 2 நாளுக்குள் படத்தோடு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்தவர்மேல், தெரிவித்தார் என்ற காரணத்துக்காக எந்தப் பிடித்தமும் வராது. தெரிவித்த 3 நாளுக்குள் உரிமையாளர் ஆள் அனுப்பாவிட்டால், குடியிருப்பவரே ஆளை அழைத்து, பில்லைக் காட்டி, மாத வாடகையின் கால் பங்கு வரை கழித்துக்கொள்ளலாம். சின்ன ரிப்பேர் எது என்பதற்கும் இதே கால் பங்குதான் வரம்பு.

பொருள்களின் ஆயுளையும் தேய்மான விழுக்காட்டையும் ஓர் இணைப்பாகச் சேர்க்கலாம் என்றேன். அதற்கு மட்டும் உரிமையாளர் சம்மதிக்கவில்லை. காலி செய்யும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். புதிதாக வந்தவர்களும் வற்புறுத்தவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.